பீரோ சாவியை விதைத்தவனுக்கு

செழியா, போனில் பேசினால் நீ பாதியில் வைத்துவிடுகிறாய். நெல் என்று நான் வாயெடுத்தாலே போதும், "அப்புறம் பேசறேம்மா, இங்க சிக்னல் சரியில்ல" என்கிறாய். சென்னையில் சிக்னல் இல்லையாம், கடைமடையில் வாய்க்கால் கரையில் நிற்கிற எனக்கு நான்கு கோடும் காட்டுகிறது. சரி, போகட்டும். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். கடிதத்தையும் நீ பாதியில் வைக்கலாம், ஆனால் அது உன் கட்டில் பக்கத்தில் கிடக்கும், துணி மடிக்கும்போது கண்ணில் படும், மீதியைப் படிக்காமல் உனக்கும் தூக்கம் வராது. சத்துணவுக் கூடத்தில் காலமெல்லாம் பிள்ளைகளைச் சாப்பிட வைத்தவள் நான், யாரை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். இதில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை. உன்னைப் போல உயிரியல் படித்துவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கிற பிள்ளைகளும், அவர்களைப் பெற்றவர்களும் படித்தாலும் எனக்குச் சம்மதம்தான்.

தை மாதக் கடைசியில் நீ கிளம்பிய காலை ஞாபகம் இருக்கிறதா? பெட்டியைக் கட்டி வாசலில் வைத்துவிட்டாய், அப்பா ஆட்டோ பார்க்கப் போயிருந்தார். பரணிலிருந்து ஒரு மஞ்சள் பையை இறக்கி என் கையில் கொடுத்து, "இதக் கோழிக்குப் போட்டுடும்மா" என்றாய். "என்னடா, உன் நெல்லுல்ல இது?" என்றேன். "எல்லாம் சாவிம்மா. படிச்ச பத்து வருஷமும் சாவி" என்று சொல்லிக்கொண்டே செருப்பை மாட்டினாய். வெளியூர்க்காரர்களுக்குச் சாவி என்றால் பூட்டைத் திறப்பது. நமக்கு அது இரண்டாவது அர்த்தம். வெளியே நெல்லாகத் தெரிந்து உள்ளே அரிசியே இல்லாமல் வெறும் உமியாக நிற்பதுதான் நமக்கு முதல் சாவி. அந்தப் பையில் இருந்த நெல் நீயே கலந்து, நீயே பொறுக்கி உண்டாக்கியது. உலகத்தில் வேறு எங்கும் அது இல்லை என்று நீதான் ஒருகாலத்தில் சொல்லியிருக்கிறாய். அதை என்ன செய்தேன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். ஆனால் எனக்கு நேராக விஷயத்துக்கு வரத் தெரியாது, உனக்கே தெரியும். கொஞ்சம் சுற்றிக்கொண்டுதான் வருவேன்.

நீ ஒன்றாம் வகுப்பு படித்த வருடம் மேட்டூரில் தண்ணீர் இல்லை. முறை வைத்து விட்ட தண்ணீரும் மேலே இருக்கிற ஊர்களோடு நின்றுவிட்டது. நம் பயிர் அப்போது தொண்டைக்கதிராக இருந்தது. கதிர் வெளியே வராமல் தாளுக்குள்ளேயே திரண்டு, பிள்ளைத்தாய்ச்சி மாதிரி நிற்கிற பருவம் அது. அந்த நேரத்தில் தண்ணீர் காட்டாவிட்டால் கதிர் வரும், நெல் வரும், உள்ளே ஒன்றும் இருக்காது. ஒருநாள் அப்பா வயலிலிருந்து வந்து தோள் துண்டை உதறிப் போட்டுவிட்டு, "எல்லாம் சாவியாப் போச்சு" என்றார். "எந்தச் சாவிப்பா?" என்று கேட்டாய். அவர் கால் கழுவக் கொல்லைப் பக்கம் போய்விட்டார். மறுநாள் பீரோ சாவியைக் காணோம். வீட்டைப் புரட்டிப் போட்டுத் தேடினோம். சாயங்காலம்தான், சேறு அப்பிய கையோடு வந்து நின்றாய். "வயலு பூட்டிக்கிச்சும்மா. நெல்லு உள்ளயே மாட்டிக்கிச்சு. அதான் சாவிய நட்டு ஒரு டம்ளர் தண்ணி ஊத்திட்டு வந்தேன். மொளச்சுதுன்னா தொறந்துக்கும்" என்றாய். அடிக்கக் கை ஓங்கினவர் அப்படியே தரையில் உட்கார்ந்து சிரித்தார் உன் அப்பா. அந்த வருடம் நம் வீட்டில் கேட்ட சிரிப்பு அது ஒன்றுதான். எங்கே நட்டாய் என்று உனக்கும் அடையாளம் சொல்லத் தெரியவில்லை. திருவாரூரிலிருந்து ஆள் வந்து பீரோவை உடைத்துத் திறந்தார், இன்றைக்கும் அந்தக் கதவு சரியாகச் சாத்துவதில்லை. ஒவ்வொரு உழவுக்கும் அப்பா திரும்பி வந்து, "உன் புள்ள நட்டது இன்னும் மொளைக்கல" என்பார்.

சாவி என்கிற சொல் அதற்கும் முன்னாலேயே நம் குடும்பத்துக்குள் வந்துவிட்டது. என் அப்பா, உன் தாத்தா, ஒரு பண்ணையில் ஆள். எனக்கு அப்போது பள்ளிக்கூடம் போகிற வயது. கோட்டையில் ஆட்சி மாறியிருந்தது, மேடையில் புதுத் தமிழ் கேட்டது, எங்கள் தெருவுக்கு மட்டும் பழைய மரக்கால்தான். களத்தில் காற்றுக்கு எதிரே நின்று தூற்றினால் கனத்த நெல் காலடியில் விழும், அரைகுறையெல்லாம் தள்ளிப் போய் விழும். தள்ளி விழுந்த குவியலிலிருந்துதான் எங்களுக்குக் கூலி அளப்பார்கள். அந்த அறுப்பில் தாத்தாவுக்கு அளந்து போட்டதிலிருந்து ஒரு கை அள்ளி, பண்ணைக் கணக்குப் பார்க்கிற காரியக்காரர் முன்னால் நீட்டி, "ஐயா, கொஞ்சம் பாருங்க" என்று சொல்லி ஊதினார். உமியெல்லாம் பறந்து போய் அவருடைய வெள்ளைச் சட்டையில் ஒட்டிக்கொண்டது. உள்ளங்கையில் நாலைந்து மணிதான் மிச்சம். "இதுதான் எங்க கூலி. பறந்ததெல்லாம் சாவி, அது காத்தோட கூலி. ரெண்டையும் சேத்து எங்க கணக்குல எழுதாதீங்க" என்றார். அன்று ஒருவரும் கூலியைத் தொடவில்லை. அதற்கப்புறம் வெளியூர் ஆட்களை லாரியில் கொண்டுவந்து இறக்கியதும், போலீஸ் வந்ததும், செங்கொடி பிடித்தவர்களைத் தேடிக்கொண்டு தெருவுக்குள் புகுந்ததும் நீ பலதடவை கேட்ட கதை. எங்கள் குடிசைக் கூரையைப் பிரித்துத்தான் போட்டார்கள். எரிந்த ஊர்களும் உண்டு, அந்த நெருப்பைப் பற்றி என் அப்பா சாகும்வரை பேசியதில்லை. பிறகு உச்சவரம்புச் சட்டத்தில் பண்ணையிடமிருந்து எடுத்த நிலத்தில் இரண்டு மா, முக்கால் ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு, நமக்குப் பட்டாவானது. பட்டாவை வாங்கிய கையோடு வயலில் இறங்கி ஒரு பிடி மண்ணை அள்ளி ஊதினார். "மண்ணுல ஏதுப்பா சாவி?" என்று நான் கேட்டதற்கு, "பழக்கமாப் போச்சும்மா" என்றார்.

உனக்குப் பெயர் வைத்ததும் அந்தக் காலத்துப் பழக்கத்தில்தான். கட்சி மேடைக்குத் தாமதமாக வந்த பேச்சாளர் ஒருவர் உன்னைக் கையில் வாங்கி இளஞ்செழியன் என்றார், நீ அவர் துண்டை நனைத்தாய், கூட்டம் கைதட்டியது. உன் அப்பாவுக்குக் கரை வேட்டியில் இருக்கிற பிரியம் அன்றைக்கு இரண்டு மடங்கானது. நீ படிப்பாய் என்பதில் அவருக்குச் சந்தேகமே வந்ததில்லை. எல்லாப் பிள்ளைகளும் இன்ஜினியரிங் என்று ஓடியபோது நீ பயோடெக்னாலஜி என்றாய். இனிமேல் உலகமே அதில்தான் ஓடப்போகிறது என்று டிவியில் சொன்னார்கள், நாங்களும் நம்பினோம். முனைவர் பட்டம் வாங்கி வந்தபோது அடுத்த வயல்காரர் கலியபெருமாள் மாமா காலையிலேயே வந்து, "தம்பி, பத்து நாளா இருமல் விடமாட்டேங்குது, என்னன்னு பாரு" என்று வாயைத் திறந்து காட்டினார். நீயும் சளைக்காமல் உள்ளே பார்த்துவிட்டு, "மாமா, நான் நெல்லுக்குத்தான் டாக்டர். நீங்க நெல்லா இருந்தா சொல்லுங்க" என்றாய்.

உன்னோடு படித்தவர்களை நினைத்துப் பார்க்கிறேன். ஒருவன் மருந்துக் கம்பெனிப் பையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போகிறான். இன்னொருத்தி பி.எட். முடித்து மன்னார்குடியில் பிளஸ் டூ பிள்ளைகளுக்குச் செல் பிரிவதைப் படம் போட்டுக் காட்டுகிறாள். ஒருவன் ஜெர்மனியில் எலியின் மூளையைப் பார்க்கிறான், அவன் அம்மா என்னிடம் இதைச் சொல்லும்போது கொஞ்சம் குரலைத் தாழ்த்திக்கொள்கிறாள். நாகூர்ப் பக்கத்துப் பாத்திமா இறாலுக்கு வருகிற நோயைப் பிடித்துக்கொண்டு இன்னும் ஆராய்ச்சியிலேயே நிற்கிறாள். அவளுடைய அண்ணன்கள் துபாயிலிருந்து "இறாலத் தின்னுட்டுப் பேசாம இருக்க வேண்டியதுதானே" என்று கேலி செய்கிறார்களாம். நீ ஒரு திட்டம் முடிந்து இன்னொரு திட்டம் என்று ஊர் ஊராகப் போனாய். திட்டம் இருக்கிறவரைக்கும் மேஜை, நாற்காலி எல்லாம் உண்டு, முடிந்த மறுநாள் கேட்டில் நிறுத்திக் கையெழுத்துக் கேட்பான் என்றாய். சொல்லிவிட்டுச் சிரித்தாய். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை என்பதை அப்போது சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன்.

ஆனால் ஊரடங்குக் காலத்தை நினைத்தால் எனக்குத் தித்திப்பாக இருக்கிறது. உலகமே நோயில் கிடந்தபோது இப்படிச் சொல்லக்கூடாதுதான். ஆய்வுக்கூடத்தைப் பூட்டிவிட்டார்கள், நீ வீட்டில் இருந்தாய், எனக்கு அது போதுமாக இருந்தது. ஒருநாள் பல் துலக்கிக்கொண்டே வாய்க்கால் ஓரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டாய். வெகுநேரம் ஆளைக் காணோமே என்று நான் வந்து பார்த்தால், நாம் களை என்று பிடுங்கிப் போடுகிற காட்டு நெல்லைப் பார்த்துக்கொண்டிருக்கிறாய், பிரஷ் வாயிலேயே இருக்கிறது. "அம்மா, இது பூத்து முடிச்சிடுச்சு. இன்னும் வெயிலே வரல" என்றாய். அதனால் என்ன என்றேன். அப்போதுதான் விவரமாகச் சொன்னாய். நாம் போடுகிற நெல் வெயில் ஏறியபிறகுதான் பூ திறக்கும். முன்னெல்லாம் அதில் வம்பில்லை, இப்போது வெயில் கூடிக்கொண்டே போகிறது. பூ திறக்கிற நேரத்தில் சூடு தாங்காவிட்டால் மகரந்தம் செத்துவிடும், பூ சும்மா மூடிக்கொள்ளும். "அப்புறம் என்ன, சாவிதான். இதுமாதிரி விடியறப்பவே பூத்துட்டா வெயிலுக்கு முன்னாடியே கரு புடிச்சிடும்" என்றாய். இதைத் தேடி உலகத்தில் பல பேர் உட்கார்ந்திருக்கிறார்களாம், வேறு வேறு காட்டு நெல்லை வைத்துக்கொண்டு. நான் சிரித்தேன். "சின்னப் பிள்ளையிலயே சாவியத் தொலைச்ச, இன்னுமாடா தேடற?" என்றேன். "ஆமாம்மா, அதேதான்" என்றாய். பனி இறங்கிக்கொண்டிருந்தது, உன் முகம் அப்போது ஒன்றாம் வகுப்பு முகம்.

அதன்பிறகு வீடு கல்யாண வீடு மாதிரி ஆகிவிட்டது. என் தையல் பெட்டியிலிருந்து சின்னக் கத்தரி போயிற்று. பேக்கரியிலிருந்து கேக் வைக்கிற எண்ணெய்த் தாள் வாங்கிவந்து பை பையாக ஒட்டினோம். நம் வயலில் இருந்து தொட்டிக்கு எடுத்து வைத்த நெல்லின் ஒவ்வொரு பூவையும் நுனி கத்தரித்து, உள்ளே இருக்கிற ஆறு மகரந்தப் பையையும் இடுக்கியால் எடுத்துவிட்டு, கதிருக்குத் தாள் உறை போட்டு மூடினாய். மறுநாள் காட்டு நெல்லின் பூந்தூளைக் கொண்டுவந்து அதன்மேல் தட்டினாய். காற்று அடிக்காமல் அப்பா குடையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "எங்க கல்யாணமும் இப்படித்தான்டா, ஐயரு கிடையாது. மாலைய மாத்தினோம், மைக்குல நாலு பேரு பேசினாங்க, முடிஞ்சுது" என்றார். "அப்ப நீங்க நாலு வார்த்தை பேசுங்கப்பா" என்றாய் நீ. அவர் குடையோடு நிமிர்ந்து, "மணமக்கள் பல்லாண்டு வாழ்க" என்று தொண்டையைக் கனைத்துக்கொண்டு சொன்னார். பிடித்தது கொஞ்சம் மணிதான். அதை முளைக்கவைத்து, அதன் பிள்ளை, பேரன் என்று போகத்துக்குப் போகம் பொறுக்கிக்கொண்டே வந்தாய். காட்டு நெல்லின் கெட்ட குணம் எல்லாம் போக வேண்டும், உதிர்கிற குணம் போக வேண்டும், விடியலில் பூக்கிறது மட்டும் நிற்க வேண்டும் என்றாய். ஊரடங்கு போய், வேலைக்குத் திரும்பி, விடுமுறைக்கு விடுமுறை வந்து இந்த வேலையைச் செய்தாய். அப்படி மிஞ்சியதுதான் அந்த மஞ்சள் பை.

அதில் ஒரு பங்கை நீ வேலை பார்த்த இடத்தில், பயிரைச் சூடேற்றிப் பார்க்கிற கூண்டில் வைத்துப் பார்த்தது எப்படி முடிந்தது என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சனி, ஞாயிறு விடுமுறையில் கரண்ட் கோளாறில் குளிர்விக்கிற மெஷின் மட்டும் நின்றுபோய், பகலும் இரவுமாக வெந்துகிடந்ததில் எல்லாக் கதிரும் சாவியாகிவிட்டது. மறுபடி வைத்துப் பார்க்கலாம் என்று நீ கேட்டாய். திட்டத்தின் காலம் முடிந்துவிட்டது, இனி கூண்டு வேறு ஒருவருக்கு என்றார்கள். யாரையும் குற்றம் சொல்ல முடியாத தோல்வி அது. ஆனால் அதை நீ தீர்ப்பாக எடுத்துக்கொண்டாய். அதுதான் எனக்கு ஆறவில்லை. பொங்கலுக்கு வந்தபோது மெடிக்கல் கோடிங் வேலை கிடைத்துவிட்டது என்றாய். அது என்னடா வேலை என்று அப்பா கேட்டதற்கு, "அமெரிக்காக்காரனுக்கு வர்ற சீக்குக்கெல்லாம் நம்பர் போடறதுப்பா" என்றாய். அவர், "இருமலுக்கும் நம்பர் உண்டா?" என்று கேட்டார். உண்டு என்றாய். "கலியபெருமாள்கிட்ட சொல்லணும்" என்றார்.

அந்த வேலையை நான் மட்டமாக நினைக்கவில்லை, செழியா. ஆண்டவன் புண்ணியத்தில், இல்லை, உன் அப்பா காதில் விழப்போகிறது, ஏதோ ஒரு புண்ணியத்தில் உனக்கு நிழலில் உட்கார்ந்து செய்கிற வேலை கிடைத்திருக்கிறது. உடம்பைப் பற்றிப் படித்தது வீண் போகவில்லை, யாரோ ஒரு நோயாளியின் விவரம் சரியாக இருப்பது உன் கையில் இருக்கிறது. ஆனியில் நிரந்தரமாக்குவார்கள், கையெழுத்துப் போட்டால் மூன்று வருடம் நகர முடியாது என்றாய். போடு, போடாமல் இரு. அதில் நான் தலையிட மாட்டேன். எனக்குக் கோபம் அதிலே இல்லை. பத்து வருடத்தையும் ஒரு பையில் போட்டுக் கட்டி, கோழிக்குப் போடச் சொன்னாய் பார், அதில்தான். கோபம் என்றுகூடச் சொல்ல முடியாது.

ஆட்டோ திரும்பியதும் நான் கோழிக் கூண்டுக்குத்தான் போனேன். கோழிகளும் காலைச் சுற்றிக்கொண்டு வந்துவிட்டன. பையில் கையை விட்டு ஒரு பிடி எடுத்தேன். எறிவதற்கு முன்னால் கை தானாக வாய்க்கு வந்தது. ஊதினேன். கொஞ்சம் பறந்தது. மிச்சம் கையிலேயே கிடந்தது. இன்னொரு தடவை ஊதினேன், பலமாக, இருமல் வருகிற அளவுக்கு. அப்பவும் கிடந்தது. என் அப்பா கையில் மிஞ்சியதைவிட அதிகம் மிஞ்சியது என்று எனக்குத் தோன்றியது. கோழிகளுக்கு அரிசிக் குருணையைப் போட்டுவிட்டு உன் அப்பாவைக் கூப்பிட்டேன். அவர் உள்ளங்கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "மாசி பொறந்து உளுந்து போடற நேரத்துல நெல்லப் போட்டா ஊரு சிரிக்கும்" என்றார். "சிரிக்கட்டும்" என்றேன். "நாத்து விட நாத்தங்காலுக்கு இடம் பாக்கறேன்" என்று மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவருக்கு அவ்வளவுதான் வேண்டும்.

ஊர் சிரித்ததா என்று கேட்டால், சிரித்தது. சுற்றிலும் உளுந்தும் பயறும் தரையோடு தரையாகக் கிடக்க, நடுவில் நம் வயலின் ஒரு மூலை மட்டும் பச்சைப் பசேலென்று நெல். பக்கத்து போர்செட்டிலிருந்து தண்ணீர் கேட்டு வாங்கினோம். கலியபெருமாள் மாமா வரப்பில் நின்று, "அக்கா, இது ஊசி கீசி போட்ட நெல்லா? மரபணுன்னு பேப்பர்ல போடறான், நம்ம பயிரையும் கெடுத்துடாதே?" என்று கேட்டார். அவர் கேட்டதில் தப்பில்லை, தன் நிலத்துக்குப் பயப்படாமல் யார் பயப்படுவார்கள்? ஊசியெல்லாம் இல்லை, கத்தரிக்கோலும் குடையும் வைத்துச் செய்த கலப்புதான், நம் வாய்க்கால் காட்டு நெல்லும் நம் வீட்டு நெல்லும்தான் என்று சொன்னேன். மரபணு மாற்றினது என்றாலே விஷம் என்று இல்லை, கேட்டுத் தெரிந்துகொண்டுதான் போட வேண்டும் என்று நீ முன்பு சொன்னதையும் சேர்த்துச் சொன்னேன். "அப்ப மாப்பிள்ளையும் பொண்ணும் ஒரே ஊருன்னு சொல்லு" என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாளிலிருந்து அவர் மாட்டை அந்தப் பக்கம் கட்டவில்லை.

பறவைகளுக்கு யார் சொல்வது? திருவாரூர் வட்டத்திலேயே நெல் இருக்கிற இடம் இது ஒன்றுதான் என்று குருவி, கிளி, மைனா எல்லாவற்றுக்கும் எப்படித்தான் தெரிந்ததோ. பழைய சேலைகளைக் கட்டினேன். அப்பா தகரத்தைத் தட்டிக்கொண்டு பழைய மேடைப் பேச்சுகளை அவற்றுக்குப் பேசிக் காட்டினார். கிளிகள் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுப் போய்விடும், குருவிகளுக்கு எந்தக் கட்சியும் இல்லை. பாத்திமா ஒருநாள் போன் செய்து உன்னைப் பற்றிக் கேட்டாள், நானும் வாய் தவறி விஷயத்தைச் சொல்லிவிட்டேன். "ம்மா, பக்கத்துலயே வழக்கமாப் போடற நெல்லும் நாலு வரிசை நட்டீங்களா?" என்றாள். நட்டிருந்தோம், நாற்று பற்றாமல் போகுமோ என்ற பயத்தில் நட்டது. "அல்ஹம்துலில்லாஹ், போதும். பூ தொறக்கறப்ப ரெண்டையும் போன்ல வீடியோ எடுத்து வைங்க, நேரம் விழற மாதிரி" என்றாள். அந்த வீடியோ எல்லாம் என் போனில் இருக்கிறது. பாதிக்கு மேல் என் கட்டைவிரல்தான் தெரிகிறது.

சித்திரை பிற்பகுதி, கத்தரி வெயில் தொடங்கிவிட்டது. தொண்டைக்கதிர் விலகிக் கதிர் வெளியே வந்தது. விடிவதற்குள் போய் வரப்பில் உட்கார்ந்தேன். உனக்கு அந்த நேரத்தை எப்படிச் சொல்வது? வெளிச்சம் இன்னும் நிறமாகவில்லை, கிழக்கே கடல் பக்கத்துக் காற்று இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அளவுக்கு ஒரு ஈரம். தூக்கம் முழுதாகக் கலையவில்லை எனக்கு. நம் வயலுக்கு ஒரு பெரிய பூட்டு தொங்குவது போலவும், உன் தாத்தா அதை ஊதிக்கொண்டிருப்பது போலவும் அன்று விடியலுக்கு முன்னால்தான் கனவு கண்டிருந்தேன், அது கண்ணிலேயே நின்றது. பால்காரர் சைக்கிள் ரோட்டில் மணி அடித்துக்கொண்டு போனது. அப்போது ஒரு கதிரின் உச்சியில் ஒரு நெல் மெதுவாக வாயைத் திறந்தது. இரண்டு உமியும் விலகி, உள்ளேயிருந்து வெள்ளை நூலில் மஞ்சளாக ஏதோ தொங்கியது. அதற்குக் கீழே இன்னொன்று. பக்கத்துக் கதிரில் ஒன்று. சத்தமே இல்லை, செழியா. சத்துணவுப் பிள்ளைகள் வரிசையில் உட்கார்ந்து முதல் கவளத்துக்கு வாய் திறக்கிற மாதிரி அந்த மூலை முழுவதும் திறந்தது. அரிசி மாவு ஊறினால் வருமே ஒரு வாசம், அதைவிட மெல்லியதாக ஒன்று வந்தது. நான் மூச்சை அடக்கிக்கொண்டேன், எங்கே ஊதிவிடுவேனோ என்று. வழக்கமான நெல் நின்ற நாலு வரிசையும் வாயை இறுக மூடிக்கொண்டு நின்றன. சூரியன் தென்னைக்கு மேலே வந்து, முதுகு காய ஆரம்பித்தபோது உன் நெல் வேலையை முடித்து மூடிக்கொண்டுவிட்டது. மற்ற வரிசைகள் பிறகு, அனல் அடிக்கிற நேரத்தில்தான் திறந்தன. இரண்டையும் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து சொம்புத் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு உட்கார்ந்து அழுதேன். சந்தோஷமா என்று அப்பா கேட்டார். தெரியவில்லை என்றேன். அப்போது உண்மையிலேயே தெரியவில்லை.

ஏனென்றால் பூத்தது மட்டும் போதாது அல்லவா. பூத்துவிட்டுச் சாவியானதை நாம் எத்தனையோ பார்த்திருக்கிறோம். உள்ளே பால் பிடித்திருக்கிறதா என்று தெரிய நாளாகும். அந்த நாட்களில்தான் உன்னை இரண்டு மூன்று தடவை கூப்பிட்டேன், நீ சிக்னல் இல்லை என்றாய். நல்லதுதான். சொல்லியிருந்தால் உனக்கும் அந்தப் படபடப்பு. வயலுக்குப் போவேன், கதிரைத் தொடாமல் திரும்பி வருவேன். உன் அப்பா கிள்ளிப் பார் என்பார், நீங்கள் பாருங்கள் என்பேன், அவர் தகரத்தைத் தட்டப் போய்விடுவார். இந்த நாட்களில் உன்னை நினைத்துக்கொண்டே இருந்தேன். இந்தப் படிப்பை எடுத்தவர்கள் எல்லோருமே இப்படித்தான் வரப்பில் உட்கார்ந்திருப்பார்கள் போல, இறாலோ, எலியோ, நெல்லோ. மூடின ஒன்றுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமலே வயதாகிறது. அதற்குப் பொறுமை வேண்டும் என்று உனக்குச் சொல்ல நான் யார்? நீ வருடக்கணக்கில் காத்திருந்தாய், நான் காத்திருந்தது பத்து நாள்தான், அதற்கே எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் ஒன்று மட்டும் சொல்வேன். நீ மெடிக்கல் கோடிங் பார், கடை வை, பி.எட். படி, கல்யாணம் செய்துகொண்டு பேசாமல் இரு, எதுவானாலும் நிமிர்ந்து செய். செய்து முடித்த ஒன்றை உள்ளங்கையில் வைத்து ஊதிப் பார்க்காமல் சாவி என்று சொல்லாதே. நம் குடும்பத்தில் அந்த வார்த்தையைச் சும்மா சொல்லக்கூடாது. அதைச் சொன்னதற்காக உன் தாத்தா கூரை இல்லாமல் மழையில் நின்றிருக்கிறார்.

ஒரு வயல், ஒரு போகம், நாலு வரிசை, இதெல்லாம் ஆராய்ச்சி ஆகாது என்று நீ சொல்வாய். ஆகாதுதான், பாத்திமாவும் அதைத்தான் சொன்னாள். இன்னும் இரண்டு மூன்று இடத்தில், இரண்டு மூன்று வெயிலில் பார்க்க வேண்டுமாம். அறுக்கும்போது எந்தக் கதிரை விதைக்கு எடுப்பது, எதை விடுவது என்று எங்களுக்குத் தெரியாது. உதிர்கிற கதிரும் இரண்டொன்று இருக்கிறது, காட்டுப் புத்தி போகவில்லை. அது உன் கண்ணுக்குத்தான் தெரியும். அறுப்புக்கு இன்னும் நாள் இருக்கிறது. உனக்கு ஞாயிற்றுக்கிழமை லீவுதானே? வேலையை விட்டுவிட்டு வா என்று சொல்லவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வா. கதிரைப் பொறுக்கிக் கொடுத்துவிட்டு அன்று சாயங்காலமே பஸ் ஏறு. கையெழுத்தை அதற்கப்புறம் போடு.

நேற்றுக் காலையில் இனியும் தள்ளிப்போட முடியாது என்று இறங்கினேன். அப்பா வரப்பில் நின்றுகொண்டார், என்னைப் பார்க்காமல் வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு. முதலில் வழக்கமான வரிசையில் ஒரு நெல்லை நகத்தால் அழுத்தினேன். உமி உமியோடு ஒட்டிக்கொண்டது, ஒன்றும் இல்லை. அடுத்ததும் அப்படியே. அதற்கப்புறம் ஒன்றில் கொஞ்சம் ஈரம். இந்தப் பக்கம் திரும்பி உன் கதிரில் ஒன்றைக் கிள்ளினேன். நகத்தில் வெள்ளையாக வந்தது, பால். அடுத்ததைக் கிள்ளினேன், பால். கீழே கதிரின் கடைசியில் இருந்ததையும் கிள்ளினேன், அங்கேதான் எப்போதும் ஏமாற்றும். என் விரலெல்லாம் ஒட்டிக்கொண்டது. "என்ன?" என்று கேட்டார் அப்பா, இன்னும் வாய்க்காலைப் பார்த்துக்கொண்டே. அவருக்குச் சொன்னதைத்தான் உனக்கும் சொல்கிறேன்.

சாவி இல்லை, செழியா.